குப்பைமேட்டு மழைத்தண்ணி ஏன் கலங்கலா வருது?

சென்னை பெருங்குடி பக்கம் குடியிருக்கிற ஒரு வாசகர் கேட்டிருந்தார், "மழை பெஞ்சா குப்பைமேட்டுல இருந்து டிகாக்‌ஷன் கலர்ல தண்ணி வருதே, அது மண்ணா இல்ல குப்பைச் சாறா?"னு. ரெண்டும்தாங்க. ரெண்டையும் தனித்தனியா பார்க்கணும்.

குப்பைக்குள்ள இறங்குற மழைத்தண்ணி அழுகினதையெல்லாம் கரைச்சுக்கிட்டு அடியில கறுப்பா வடியும், அதுதான் லீச்சேட், அம்மோனியால இருந்து ஈயம், காட்மியம் வரைக்கும் அதுல இருக்கும். அது நிலத்துக்குள்ள போகாம இருக்க அடியில களிமண்ணும் தடிமனான பிளாஸ்டிக் விரிப்பும் போட்டுத்தான் கொட்ட ஆரம்பிக்கணும். பெருங்குடி அப்படி உருவானது இல்ல, பள்ளிக்கரணை சதுப்புநிலத்து மேலயே பல வருஷமா கொட்டிக் கொட்டி வந்த மேடு. அந்தச் சதுப்புதான் 2022-ல ராம்சார்ங்கிற, உலக முக்கியத்துவம் உள்ள சதுப்புநிலங்களோட பட்டியல்ல சேர்ந்துச்சு, பறவைங்க தேடி வர்ற இடம்.

சரி, மேல் மண்ணுக்கு வருவோம். குப்பைய மண்ணு போட்டு மூடுறாங்க இல்லையா, 2016-ல வந்த திடக்கழிவு மேலாண்மை விதி சொன்னபடி தினமும் குறைஞ்சது 10 செ.மீ., கடைசியா மூடும்போது 60 செ.மீ. களிமண்ணு, அதுக்கு மேல 15 செ.மீ. வடிகால் அடுக்கு, அதுக்கும் மேல செடி வளர 45 செ.மீ. மண்ணு. இந்த மண்ணு கரைஞ்சுட்டா குப்பை வெளிய தெரியும், மழை நேரா உள்ள இறங்கும், லீச்சேட் பெருகும். அதனால மண் அரிப்பும் தண்ணி கெடுறதும் ஒரே பிரச்சனைதான்.

அரிப்பு எங்க ஆரம்பிக்குதுன்னு பார்த்திருக்கீங்களா? ஒரு பெரிய மழைக்கு அப்புறம் புல்லு இல்லாத மண்ணுமேட்டுக்கிட்ட குத்தவெச்சு உட்கார்ந்து பாருங்க. ஒவ்வொரு சின்னக் கல்லும் ஒரு விரல்கடை உயர மண்தூண் மேல நிக்கும்! கல்லு குடை மாதிரி தனக்குக் கீழ இருக்கிற மண்ணைக் காப்பாத்திடுச்சு, சுத்தி இருந்த மண்ணை மழைத்துளி அடிச்சே எடுத்துடுச்சு. பெரிய துளி நொடிக்கு 9 மீட்டர் வேகத்துல வந்து விழுது, குண்டு போட்ட மாதிரி. வெள்ளையடிச்ச சுவத்துல கீழ ரெண்டடிக்குச் செம்மண் கறை இருக்கும்ல, அதுவும் இந்த அடிதான்.

அப்புறம் தெறிச்ச மண்ணை ஓடுற தண்ணி தூக்கிட்டுப் போகுது, எனக்கு ரொம்பப் பிடிச்ச கணக்கு இங்கதான் இருக்கு. தண்ணி கல்லைத் தள்ளுற விசை வேகத்தோட வர்க்கத்துல ஏறும், கூடவே கல்லோட முகப்புப் பரப்பையும் பொறுத்தது. நகராம பிடிச்சு வைக்கிறது கல்லோட எடை. கல்லு சைஸ் ரெண்டு மடங்கானா பரப்பு 4 மடங்குதான், எடை 8 மடங்கு. இப்போ தண்ணி வேகத்தை ரெண்டு மடங்காக்குங்க, அதே பரப்புக்கு விசை 4 மடங்காகுது. 4 மடங்கு சைஸ் இருக்கிற கல்லுக்குப் பரப்பும் 16 மடங்கு, ஆக அது மேல விழுற விசை 4×16, அதாவது 64 மடங்கு. அதோட எடையும் 4×4×4, அதே 64 மடங்கு, அதனால அந்தக் கல்லு வரைக்கும் நகரும்! அப்படியே திருப்பிப் போடுங்க, வேகத்தைப் பாதியாக்கினா அது உருட்டக்கூடிய கல்லோட எடை 64-ல ஒரு பங்காயிடும். தண்ணிய நிறுத்தவே வேண்டாம், கொஞ்சம் தாமதப்படுத்தினா போதும்.

அதுக்குத்தான் சரிவுக்குக் குறுக்கே படிப்படியா திட்டு, தென்னைநார் வலை, புல்லு. நார் வலை துளியோட அடியைத் தாங்கும், புல்லு முளைச்சு வேர் பிடிக்கிற வரைக்கும் நின்னு அப்புறம் மக்கிடும். மூடின மேட்டு மேல வேர் ஆழமா போகாத புல்லுதான் நல்லது, ஏன்னா ஆழ வேர் கீழ இருக்கிற களிமண் அடுக்கைத் துளைச்சுடும், மரமெல்லாம் வைக்கவே கூடாது. வெட்டிவேரை அடிவாரத்துலயும் வாய்க்கால் ஓரத்துலயும் நெருக்கி வரிசையா நடலாம், 3 மீட்டர் வரைக்கும் நேரா கீழ போற வேர், ஆஸ்திரேலியாவுல லீச்சேட்டைக் குடிக்க வைக்கவே இதை வளர்த்திருக்காங்க. இங்கிலீஷ்ல இதுக்கு இருக்கிற பேரே நம்ம 'வெட்டிவேர்'ல இருந்து போனதுதான், ஆனா நம்ம ஊர்க் குப்பைமேட்டுல இதை வெச்சு வருஷக்கணக்கா அளந்து பார்க்கிற ஆராய்ச்சிக்குப் பணம் ஒதுக்கணும்னு எனக்கு ரொம்ப ஆதங்கம். பெரிய மெஷினுக்குக் கிடைக்கிற பணத்துல ஒரு துளி போதுமே.

இவ்வளவுக்கும் தப்பி வர்ற மண்ணுக்குக் கடைசியா ஒரு வண்டல் குட்டை வெட்டுவாங்க. 0.1 மி.மீ. மணல் ஒரு மீட்டர் ஆழம் இறங்க 2 நிமிஷம், 0.002 மி.மீ. களிமண் துகளுக்கு 3 நாள். பருவமழையில 3 நாள் சும்மா நிக்கிற குட்டை ஏது? அந்தக் களிமண் துகள் மேலதான் ஈயமும் காட்மியமும் ஒட்டிக்கிட்டு வரும், களிமண்ணுக்கு எதிர் மின்னூட்டம், உலோக அயனிக்கு நேர் மின்னூட்டம். படிகாரம் போட்டா துகளெல்லாம் ஒண்ணா சேர்ந்து கனத்து இறங்கும், கிராமத்துல பானைக்குள்ள தேத்தாங்கொட்டைய உரசி விட்டதும் இதுக்குத்தான். ஆனா ஏக்கர் கணக்குல வர்ற தண்ணிக்கு அதை நம்பி இருக்க முடியாது, களிமண்ணை மேட்டுலயே பிடிச்சு வைக்கணும்.

அதனால அந்த வாசகருக்கு: குப்பையில படாத மழைத்தண்ணிக்கு ஒரு வாய்க்கால், லீச்சேட்டுக்கு வேற குழாய், ரெண்டும் எங்கயும் சேரக்கூடாது. உங்க தெருவுக்கு வர்றது ரெண்டும் கலந்தது, அதுல காலை வைக்காதீங்க, பக்கத்துக் கிணத்துத் தண்ணிய டெஸ்ட் பண்ணாம குடிக்காதீங்க. புல்லு நடுறதா இருந்தா ஆடியிலயே நட்டுடணும், அப்பதான் ஐப்பசி மழைக்குள்ள வேர் பிடிச்சிருக்கும்.