பிரஷர் மாத்திரையால் கிட்னி போகாது, நிறுத்தினால் போகும்

போன வாரமும் ஒருவரைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். கொத்தனார், ஐம்பது வயதைத் தொடவில்லை. வலது கையும் காலும் விழுந்துவிட்டன, வாய் கோணியிருந்தது, பேச்சு வரவில்லை. பி.பி. 220/130. முந்தின நாள் ராத்திரி சாப்பிடும்போதே சோற்றை அள்ள முடியாமல் கை நழுவியிருக்கிறது. ‘படுத்து எந்திரிச்சா சரியாயிடும்’ என்று படுக்க வைத்திருக்கிறார்கள். மாத்திரை ஒழுங்காகப் போட்டாரா என்று கேட்டேன். “ஆறு மாசமா போடறதில்லைங்க. கிட்னி போயிடும்னு சொன்னாங்க, அதான் நிறுத்திட்டாரு” என்றார் அவர் மனைவி.

வட மாவட்டம் ஒன்றில் ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவராக இருக்கிறேன். இந்தப் பதிலைக் கேட்காமல் ஒரு வாரம்கூடக் கழிவதில்லை. ஓய்வுபெற்ற ஆசிரியரும் இதைத்தான் சொல்கிறார், ஆடு மேய்க்கிற பாட்டியும் இதைத்தான் சொல்கிறார். பக்கவாதம் வந்து படுத்த பிறகு சொல்கிறார்கள் என்பதுதான் கோபம் வரவழைக்கிறது.

எனவே முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன். பிரஷர் மாத்திரை கிட்னியைக் கெடுக்காது. சர்க்கரை மாத்திரையும் கெடுக்காது. கட்டுப்பாட்டில் இல்லாத பிரஷரும் சர்க்கரையும்தான் கெடுக்கும்.

இந்தப் பயம் எங்கிருந்து கிளம்புகிறது என்று எனக்குத் தெரியும். மேலத்தெருவில் ஒருவர் பத்து வருஷம் மாத்திரை சாப்பிட்டார், கடைசியில் டயாலிசிஸ் வரை போனார். இதை ஊரே பார்த்தது. அந்தப் பத்து வருஷத்தில் அவர் எத்தனை நாள் மாத்திரை போட்டார் என்பதை யாரும் பார்க்கவில்லை. தலை சுற்றினால் ஒன்று போடுவது, கல்யாணம் காட்சிக்குப் போனால் மறந்துவிடுவது, தீர்ந்துபோனால் கையில் காசோ நேரமோ கிடைக்கும்வரை சும்மா இருப்பது. அலமாரியில் மாத்திரை இருந்தது, உடம்பில் பிரஷர் 180-லேயே இருந்தது. அப்புறம் எப்படி கிட்னி தாங்கும்? போதாக்குறைக்கு, கிட்னி பழுதானால் அதனாலேயே பிரஷர் இன்னும் ஏறும். ஆகவே கிட்னி நோயாளி யாரைப் பார்த்தாலும் அவர் கையில் பிரஷர் மாத்திரை இருக்கும். பார்க்கிறவர் மாத்திரை மேல் பழியைப் போட்டுவிடுகிறார்.

இன்னொன்று கால் வீக்கம். அம்லோடிபின் என்ற பிரஷர் மாத்திரை போடும் சிலருக்குக் கணுக்காலில் வீக்கம் வரும். அது அந்த மாத்திரையின் பக்கவிளைவு, கிட்னிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. வந்து காட்டினால், வேறு காரணம் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு அளவைக் குறைப்போம், அல்லது வேறு மாத்திரைக்கு மாற்றுவோம். இதற்கெல்லாம் ஐந்து நிமிஷம்கூட ஆகாது. ஆனால் நடப்பது வேறு. ‘கால் வீங்கிடுச்சு, கிட்னி போகுது’ என்று பக்கத்து வீட்டில் தீர்ப்பு சொல்லிவிடுவார்கள். மாத்திரை குப்பைக்குப் போகும். வீக்கமும் வடிந்துவிடும். ‘பாத்தியா, நிறுத்தினதும் சரியாயிடுச்சு’ என்று நாலு பேருக்கு அதையே பாடம் எடுப்பார்கள்.

மூன்றாவது, மெட்ஃபார்மின் என்ற சர்க்கரை மாத்திரை. கிட்னி ரொம்பவும் பழுதானவர்களுக்கு இதை நாங்களே குறைப்போம், தேவைப்பட்டால் நிறுத்துவோம். பழுதான கிட்னியால் அந்த மருந்தைச் சரியாக வெளியேற்ற முடியாது என்பதால் செய்வது அது. கேள்விப்படுகிறவர்கள் தலைகீழாகப் புரிந்துகொள்கிறார்கள். எனலாப்ரில், டெல்மிசார்டன் போன்ற பிரஷர் மாத்திரைகள் இன்னும் பாவம். சர்க்கரை நோயாளிக்குச் சிறுநீரில் புரதம் போக ஆரம்பித்தால் கிட்னியைக் காப்பாற்றவென்றே இவற்றை எழுதுகிறோம். தொடங்கிய புதிதில் கிரியாட்டினின் (கிட்னி வடிகட்ட வேண்டிய கழிவு, ஊரில் ‘உப்பு’ என்பார்கள்) ரத்தத்தில் கொஞ்சம் ஏறலாம். அதைக் கவனிக்கத்தான் சில வாரங்களில் மறுபடி ரத்தம் எடுக்கச் சொல்கிறோம். அந்த ரிப்போர்ட்டை வைத்துக்கொண்டு ‘உப்பு ஏறிடுச்சு’ என்று நீங்களாக மாத்திரையை நிறுத்தாதீர்கள்.

கிட்னியை நிஜமாகவே பதம் பார்க்கும் மாத்திரை ஒன்று ஊரில் உண்டு. அதை யாரும் சந்தேகிப்பதில்லை. மூட்டுவலிக்கும் உடம்புவலிக்கும் மெடிக்கலில் கேட்டு வாங்கும் ‘செட்டு மாத்திரை’. பிரித்துப் பார்த்தால் பெரும்பாலும் டைக்ளோஃபெனாக் என்ற வலி மாத்திரை ஒன்று இருக்கும், ஸ்டீராய்டு ஒன்று இருக்கும், வயிற்றுக்கு ஒன்று இருக்கும். மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கவே கூடாத மருந்துகள் இவை. நாள் முழுக்க வெயிலில் வேலை செய்து, தண்ணீரும் சரியாகக் குடிக்காமல், சாயங்காலம் ஒரு செட்டு. மறுநாளும் ஒரு செட்டு. இப்படி வருஷக்கணக்கில். பிரஷர் மாத்திரைக்குப் பயந்து நிறுத்தியவர்கள் இதை மட்டும் விடாமல் போடுகிறார்கள்.

இதையெல்லாம் ஓ.பி.யில் உட்கார்ந்து ஒவ்வொருவருக்கும் விளக்க முடியுமா? முடியாது. காலையில் வரிசை வாசலைத் தாண்டி நிற்கும்போது ஒருவருக்கு இரண்டு நிமிஷம் கிடைத்தால் பெரிது. அந்த இரண்டு நிமிஷத்தில் நான் சொல்வதை, அவர் வீடு திரும்புவதற்குள் பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரர் அழித்துவிடுகிறார். மாநில அளவிலேயே இதுதான் நிலைமை. 2020-இல் தமிழ்நாட்டில் எடுத்த கணக்கெடுப்பின்படி, ரத்த அழுத்தம் உள்ளவர்களில் 7.3 சதவீதம் பேருக்குத்தான் அது கட்டுக்குள் இருந்தது. சர்க்கரையில் 10.8 சதவீதம். மாத்திரை இலவசமாகக் கிடைக்கிற மாநிலத்தில் இந்த லட்சணம். மருந்துக்குப் பஞ்சமில்லை, மருந்தை நம்ப வைக்கத்தான் ஆளில்லை.

அந்த ஆள் ஊருக்குள் இருந்துதான் வர வேண்டும். 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ எனக்குப் பிடித்ததற்குக் காரணம் இதுதான். மகளிர் குழுவைச் சேர்ந்த ஒரு பெண்ணே தன்னார்வலராக வீடு வீடாகப் போகிறார். பி.பி. பார்க்கிறார், சர்க்கரை பார்க்கிறார், மாத்திரை கொடுக்கிறார். எங்கள் பக்கத்துக் கிராமம் ஒன்றில் இருக்கும் தன்னார்வலர் திண்ணையில் உட்கார்ந்ததும் மெஷினைப் பையிலிருந்து எடுப்பதில்லை. “அத்தை, அட்டையைக் காட்டுங்க” என்பார். அட்டையில் எத்தனை மாத்திரை மிச்சம் என்று விரலால் தொட்டு எண்ணுவார். முப்பதில் எட்டுதான் போயிருந்தால் திட்ட மாட்டார். ஏன் என்று கேட்டுவிட்டு, பதில் வரும்வரை ஊர்க்கதை பேசிக்கொண்டே உட்கார்ந்திருப்பார்.

அப்படித்தான் ஒரு விஷயம் வெளியே வந்தது. ஒரு அம்மாவுக்கு நீர் பிரியும் மாத்திரை கொடுத்திருந்தோம். அவர் வேலைக்குப் போகும் நாளிலெல்லாம் அதைப் போடுவதில்லை. நூறு நாள் வேலை நடந்த ஏரிக்கரையில் பெண்கள் ஒதுங்க இடமில்லை. இதை அவர் ஒரு ஆண் மருத்துவரிடம், பின்னால் வரிசை நிற்கும்போது, சொல்வாரா? தன்னார்வலர் சொன்னதும் மாத்திரையை மாற்றினோம், அவ்வளவுதான். அடுத்த மாதமே பிரஷர் இறங்கியது. சக மருத்துவர்களுக்கு ஒரு வார்த்தை: ‘மருந்து கேட்கவில்லை’ என்று இரண்டாவது மாத்திரையை எழுதுமுன், முதல் மாத்திரை வயிற்றுக்குள் போனதா என்று இவர்களிடம் கேளுங்கள்.

ஆண்கள் விஷயம் தனி. கூலிக்குப் போகிறவர்களை ஓ.பி. நேரத்தில் பிடிக்கவே முடியாது. தன்னார்வலர் வீட்டுக்குப் போனாலும் ஆள் இருப்பதில்லை. எங்களுக்குக் கைகொடுத்தது பால் சொசைட்டி. விடிகாலையில் கேனோடு எல்லோரும் அங்கே வந்துதான் ஆக வேண்டும். செயலாளர் ஒரு மேசையும் இரண்டு நாற்காலியும் போட இடம் கொடுத்தார். பால் ஊற்றிவிட்டு வருகிறவரை ஐந்து நிமிஷம் உட்கார வைத்து அளக்கிறோம். சைக்கிளை மிதித்து வந்த கையோடு அளந்தால் யாருக்கும் ஏறித்தான் இருக்கும். 140/90-க்கு மேல் என்றால் இன்னொரு நாளும் பார்த்துவிட்டுத்தான் முடிவு. தனக்கு ஒன்றுமே இல்லை என்று நெஞ்சை நிமிர்த்தி உட்கார்ந்தவர்களுக்கு 190 காட்டியிருக்கிறது. பிரஷர் வலிக்காது, அறிகுறி காட்டாது. தலை சுற்றினால் மட்டும் மாத்திரை போடுவேன் என்பவர்களிடம் இதைச் சொல்லிச் சொல்லி வாய் வலிக்கிறது.

மெடிக்கல்காரரிடம் பேசியது கஷ்டமான வேலை. செட்டு மாத்திரையில் அவருக்கு வியாபாரம் இருக்கிறது, ‘நான் கொடுக்கலைன்னா அடுத்த கடையில வாங்குவாங்க’ என்றார். அதுவும் உண்மைதான். பலமுறை உட்கார்ந்து பேசிய பிறகு, வலிக்கு மாத்திரை கேட்டு வருகிறவர்களிடம் பிரஷரோ சர்க்கரையோ இருக்கிறதா என்று கேட்டு, இருந்தால் எங்களிடம் அனுப்ப ஒப்புக்கொண்டார். அனுப்பவும் செய்கிறார். எங்கள் கட்டடத்திலேயே இருக்கும் சித்த மருத்துவரின் உதவி இன்னும் பெரிது. ‘இங்கிலீஷ் மருந்து வேண்டாம், மூலிகை கொடுங்க’ என்று வருகிறவர்களிடம், பிரஷர் மாத்திரையை நிறுத்தாமல் இருந்தால்தான் தன் மருந்து என்று அவர் கறாராகச் சொல்லிவிடுகிறார். நான் நூறு தடவை சொல்வதைவிட அவர் ஒரு தடவை சொல்வது ஏறுகிறது. இரண்டு பேரும் ஒரே பேச்சாகப் பேசுவது அவசியம்.

சரி, நீங்கள் செய்ய வேண்டியது என்ன?

மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். தொந்தரவு இருந்தால் வந்து சொல்லுங்கள், மாற்றித் தருகிறோம். பிரஷர் பார்க்க வரும் அன்று காலை மாத்திரை போடாமல் வராதீர்கள். ‘மருந்து இல்லாம எவ்ளோ இருக்குன்னு பாக்கலாம்னு’ என்கிறார்கள். மருந்து வேலை செய்கிறதா என்று பார்க்கத்தானே கூப்பிடுகிறோம்! வருஷத்துக்கு ஒரு முறையாவது கிரியாட்டினினும் சிறுநீரில் புரதமும் பார்த்துக்கொள்ளுங்கள். கிட்னி மேல் அவ்வளவு அக்கறை இருந்தால் செய்ய வேண்டிய காரியம் இதுதான். வெளியூர் வேலைக்குப் போவதாக இருந்தால் முன்கூட்டியே சொல்லுங்கள். மருந்துச் சீட்டை எடுத்துக்கொண்டு போங்கள், போகிற இடத்து அரசு மருத்துவமனையில் காட்டலாம். ஊறுகாய், கருவாடு, அப்பளத்தைக் குறையுங்கள். ஒரு நாளைக்கு 5 கிராம் உப்பு, கிட்டத்தட்ட ஒரு டீஸ்பூன், அதற்கு மேல் வேண்டாம். மூட்டுவலி என்றால் வெட்கப்படாமல் வாருங்கள். கிட்னிக்குக் கெடுதல் குறைந்த மருந்து இருக்கிறது, பிசியோதெரபி இருக்கிறது.

வாய் கோணினாலோ, ஒரு பக்கக் கை கால் திடீரென்று சோர்ந்தாலோ, பேச்சு குழறினாலோ மணியைப் பாருங்கள், 108-க்கு அடியுங்கள். சி.டி. ஸ்கேன் உள்ள மருத்துவமனைக்குப் போக வேண்டும். மூளை ரத்தக்குழாயின் அடைப்பைக் கரைக்கும் ஊசியை நாலரை மணி நேரத்துக்குள் போட்டால்தான் பலன். விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். புறா ரத்தம் தேய்க்க அழைத்துப் போகாதீர்கள். தண்ணீர்கூட வாயில் ஊற்றாதீர்கள், புரையேறிவிடும்.

இதைப் படிக்கும் பலர் ஊரில் அப்பா அம்மாவை விட்டுவிட்டுச் சென்னையிலோ பெங்களூருவிலோ துபாயிலோ இருப்பவர்கள். உங்களிடம் கெஞ்சித்தான் கேட்கிறேன். ‘இந்த இலையை அரைத்துக் குடித்தால் மாத்திரையே தேவையில்லை’ என்று வரும் செய்தியைக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போடாதீர்கள். பிள்ளை அனுப்பியது என்பதற்காகவே அவர்கள் நம்புகிறார்கள். போனில் சாப்பிட்டீர்களா என்று கேட்கிறீர்கள் அல்லவா, அதே மூச்சில் மாத்திரை அட்டையை வீடியோ காலில் காட்டச் சொல்லுங்கள். வீட்டில் செட்டு மாத்திரைப் பொட்டலம் இருக்கிறதா என்றும் கேளுங்கள். உங்கள் ஊருக்கு வரும் தன்னார்வலரின் எண்ணை அம்மாவிடம் வாங்கி வைத்துக்கொண்டு, மாதம் ஒரு முறை அவரிடமும் பேசுங்கள். உங்கள் அப்பா உங்களிடம் சொல்லாததை அவரிடம் சொல்லியிருப்பார்.