காக்கையிற் கரிது களாம்பழம்: ‘ஒப்பீடு’ என்ற சொல்

போன மாதம் அக்கா மகள் பள்ளிக்கூட வேலைக்காக ஒரு சார்ட் வரைந்து எடுத்து வந்தாள். ஒன்பதாவது படிக்கிறாள். தலைப்பு, சேலம் மாவட்ட மக்கள்தொகை. 1991-க்கு உயரமான பச்சைப் பட்டை. அதன் தலையில் 38,96,382. பக்கத்தில் 2001-க்குக் குட்டையான சிவப்புப் பட்டை, 30,16,346. அடியில் ஸ்கெட்ச் பேனாவால், ‘பத்தே ஆண்டில் 8,80,036 பேர் குறைந்தனர்’ என்று எழுதியிருந்தாள்.

“இத்தனை பேரும் எங்க போனாங்க சித்தி?” என்று கேட்டாள். அவளுக்கே சந்தேகம் வந்திருந்தது. அந்தச் சந்தேகம் எனக்குப் பிடித்தது.

இரண்டு எண்ணும் மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் உள்ளவை. கழித்தலும் சரி. ஆனால் யாரும் எங்கும் போகவில்லை. 1997 ஜனவரி 1 அன்று சேலத்திலிருந்து நாமக்கல் பிரிந்து தனி மாவட்டமானது. பச்சைப் பட்டைக்குள் நாமக்கல்லும் ராசிபுரமும் திருச்செங்கோடும் பரமத்தி வேலூரும் இருக்கின்றன. சிவப்புப் பட்டைக்குள் அவை இல்லை. பிரிந்த பிறகு மிச்சமிருந்த சேலத்தின் எல்லைக்குள் மட்டும் எண்ணினால், 1991-இல் இருந்தவர்கள் 25,73,667 பேர். அங்கிருந்து 30,16,346-க்கு வந்தால் மக்கள்தொகை ஏறத்தாழ 17 சதவீதம் கூடியிருக்கிறது. குறைவு என்று காட்டிய படம், எல்லையைச் சரிசெய்ததும் கூடுதல் என்று காட்டுகிறது.

எண்ணில் பிழை இல்லை, கணக்கில் பிழை இல்லை, பிழை ஒப்பீட்டில் இருக்கிறது என்று அவளிடம் சொன்னேன். “ஒப்பீடுன்னா சரியா என்ன?” என்றாள். அந்தக் கேள்விக்கு ஒழுங்காகப் பதில் சொல்ல வேண்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

‘கம்பேர் பண்ணிப் பாரு’ என்று நாம் நாளுக்குப் பத்து முறை சொல்கிறோம். அந்தக் ‘கம்பேர்’ லத்தீன் மொழியின் ‘கொம்பராரே’ என்ற வினையிலிருந்து வந்தது. ‘கொம்’ என்றால் சேர்த்து, கூட. ‘பார்’ என்றால் சமம். ஜோடியைக் குறிக்கும் ‘பேர்’ என்ற ஆங்கிலச் சொல்லும் இதே ‘பார்’ வழி வந்ததுதான். சேலத்து வெள்ளிக் கடைகள் இருக்கும் செவ்வாய்ப்பேட்டையில் கொலுசு வாங்கப் போகிறவர்கள் ஒரு ஜோடியைக் கையில் எடுத்ததும் இரண்டையும் ஒரே முனையில் பிடித்துத் தொங்கவிடுவார்கள். கீழ் முனை இரண்டும் ஒன்றாக நிற்கிறதா, சலங்கை எண்ணிக்கை சரியா என்று பார்ப்பார்கள். மேல் முனையைச் சேர்த்துப் பிடிக்காமல் கீழ் முனையைப் பார்த்து ஒரு பயனும் இல்லை. கம்பேர் என்ற சொல்லின் பொருள் அந்தக் கைப்பிடியிலேயே இருக்கிறது.

தமிழ்ச் சொல்லும் இதே இடத்தில்தான் நிற்கிறது. ஒப்பு என்றால் சமம், நிகர், ஒத்த தன்மை. அதோடு ‘இடு’ சேர்ந்தால் ஒப்பிடு. இடு என்ற வினை பெயராகும்போது முதல் எழுத்து நீண்டு ‘ஈடு’ ஆகும். கெடு கேடாவது போல, சுடு சூடாவது போல. இலக்கணத்தில் இதற்கு முதனிலை திரிந்த தொழிற்பெயர் என்று பெயர். மதிப்பீடு, முதலீடு, குறியீடு, ஒதுக்கீடு எல்லாம் இந்த வழியில் பிறந்தவை. அப்புறம், ஈடு என்பதற்குத் தனியாகவே சமம், நிகர் என்ற பொருளும் உண்டு. ‘ஈடு இணை இல்லை’ என்கிறோம், ‘நஷ்ட ஈடு’ என்கிறோம். ஆக ஒப்பீடு என்று சொல்லும்போது சமம் என்ற பொருள் காதில் இரண்டு தரம் விழுகிறது.

ஒப்பு பழைய சொல். எழவு வீட்டில் கேட்கும் ஒப்பாரியைத்தான் இன்று நமக்குத் தெரியும். குறளில் ‘ஒப்பாரி’ என்றால் ஒப்புமை. ‘அவரன்ன ஒப்பாரி யாங்கண்டது இல்’ என்று 1071-ஆம் குறளில் வருகிறது. கயவர்கள் பார்வைக்கு மக்களைப் போலவே இருப்பார்கள், இப்படி ஒரு ஒற்றுமையை வேறெங்கும் கண்டதில்லை என்கிறார். இன்னொரு குறள், 993, என் அக்கா மகளின் கேள்விக்கு நேராகவே பதில் சொல்கிறது. ‘உறுப்பொத்தல் மக்களொப்பு அன்றால்’ என்று தொடங்கி, வெறும் கைகால் ஒத்திருப்பது ஒப்பாகாது, பண்பு ஒத்திருப்பதே ஒப்பு என்று முடிக்கிறது. அவள் வரைந்த இரண்டு பட்டைக்கும் ‘சேலம் மாவட்டம்’ என்ற பெயர் ஒத்திருந்தது. உள்ளே இருந்த நிலம் ஒத்திருக்கவில்லை.

இதற்கெல்லாம் மேலே, ஒப்பீட்டுக்கு ஒரு வாய்பாடே தொல்காப்பியத்தில் இருக்கிறது. ஐந்தாம் வேற்றுமையைச் சொல்லும் இடத்தில் ‘இதனின் இற்று இது’ என்று மூன்று சொல்லில் முடித்துவிடுகிறார். இதைவிட இத்தன்மையது இது. உரைகாரர்கள் காட்டும் எடுத்துக்காட்டு, ‘காக்கையிற் கரிது களாம்பழம்’. சேர்வராயன் மலை அடிவாரத்துப் புதர்களில் களாச்செடி பார்த்தவர்களுக்குத் தெரியும். காயில் பால் வடியும், பழுத்தால் கருநீலம் முற்றிக் கறுப்பாகவே ஆகிவிடும். காக்கையோடு அதற்கு என்ன உறவு? நிறம் ஒன்றுதான். ‘கரிது’ என்ற அந்த ஒரு சொல் எதில் ஒப்பிடுகிறோம் என்பதைச் சொல்லிவிடுகிறது. எந்தெந்த வகையில் இப்படி ஒப்பிடலாம் என்று அடுத்த நூற்பா வண்ணம், வடிவு, அளவு, சுவை என்று அடுக்கிக்கொண்டே போகிறது.

அந்த வாய்பாட்டை எந்த விளக்கப்படத்தின் மீதும் வைத்துப் பார்க்கலாம். ‘இது’ எது, ‘இதனின்’ எது, ‘இற்று’ என்பது எந்த வகையில்? பெரும்பாலான ஏமாற்றுப் படங்களில் இந்த மூன்றில் ஒன்று காணாமல் போயிருக்கும், அல்லது நடுவழியில் மாறியிருக்கும். ‘இரண்டு மடங்கு வேகம்’ என்று மட்டும் போட்டிருந்தால் ‘இதனின்’ இல்லை. எதைவிட?

குச்சிக்கிழங்கு, அதாவது மரவள்ளி விற்கிறவர்களுக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆத்தூர் பக்கம் ஒருவரிடம் போய், உங்கள் கிழங்கு டன் என்ன விலைக்குப் போனது என்று கேட்டுப் பாருங்கள். பக்கத்தில் நிற்கிறவர் உடனே, “எத்தனை பாயிண்ட்டுங்க?” என்பார். பாயிண்ட் என்பது கிழங்கிலுள்ள மாவுச்சத்தின் அளவு. ஜவ்வரிசி செய்யும் சேகோ ஆலைகள் அதை வைத்துத்தான் விலை போடுகின்றன. ஒரு ஆலை டன்னுக்கு 8,400 ரூபாய் கொடுத்தது, இன்னொன்று 7,920 கொடுத்தது என்று வைத்துக்கொள்வோம். இரண்டு பட்டை வரைந்தால் முதல் ஆலைதான் நல்ல விலை தருவதாகத் தெரியும். ஆனால் முதல் கிழங்கு 28 பாயிண்ட், பாயிண்ட்டுக்கு 300 ரூபாய். இரண்டாவது கிழங்கு 24 பாயிண்ட், பாயிண்ட்டுக்கு 330. மாவுக்கு அதிக விலை கொடுத்தது இரண்டாவது ஆலை. டன் என்ற அலகு எடையை மட்டும் ஒப்பாக்குகிறது. வாங்குகிற பொருளை ஒப்பாக்குவது பாயிண்ட்தான். வெள்ளி வேலைக்காரர்கள் ‘டச்’, அதாவது வெள்ளியின் சுத்தம், எவ்வளவு என்று கேட்பதும் இதே காரணத்துக்காகத்தான்.

‘பெர் கேபிடா’ என்ற சொல்லுக்கும் இங்கே இடம் உண்டு. லத்தீனில் அதன் நேர்ப்பொருள் ‘தலைகள்படி’. தனிநபர் என்று பாடநூல் சொல்கிறது. வீட்டில் நாம் ‘தலைக்கு இவ்வளவு’ என்கிறோம். லத்தீனுக்கு நேர் நிகரான சொல் நம் வாயிலேயே இருக்கிறது. 2011 கணக்குப்படி சேலம் மாவட்டத்தில் 34.82 லட்சம் பேர், நீலகிரியில் 7.35 லட்சம் பேர். பைக் ஆகட்டும், ரேஷன் அட்டை ஆகட்டும், மொத்தத்தைப் போட்டால் சேலத்தின் பட்டை ஏறக்குறைய நாலே முக்கால் மடங்கு உயரமாக நிற்க வேண்டியதுதான். அதில் செய்தி எதுவும் இல்லை. தலைக்கு எவ்வளவு என்று போட்டால்தான் செய்தி வரும்.

சதவீதம் போட்டுவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்றும் இல்லை. மே மாதத்தில் ஊரெங்கும் தொங்கும் பிளெக்ஸ்களில் ‘நூறு சதவீதத் தேர்ச்சி’ பார்த்திருப்பீர்கள். பரீட்சை எழுதியது 12 பேர் என்றால், ஒரு பிள்ளைக்கு அன்று காய்ச்சல் வந்திருந்தாலே அது 92 ஆகியிருக்கும். பக்கத்துப் பள்ளியில் 500 பேரில் 480 பேர் தேறி 96 சதவீதம் என்றால், அந்த ஆசிரியர்கள் எந்த விதத்திலும் குறைந்தவர்கள் இல்லை. எத்தனைக்கு எத்தனை என்று எழுதாத சதவீதத்தை நான் நம்புவதில்லை.

படம் வரைவதில் நடக்கும் தவறுகளுக்கு வருவோம். பட்டை வரைபடத்தில் அளவைச் சொல்வது பட்டையின் நீளம். அதனால் அது பூச்சியத்திலிருந்து தொடங்க வேண்டும். 96, 98 என்ற இரண்டு எண்ணை வரைந்து, அடிக்கோட்டை 95-இல் வைத்தால், ஒரு பட்டை 1 பங்கு உயரம், மற்றது 3 பங்கு உயரம். இரண்டு புள்ளி வித்தியாசம் கண்ணுக்கு மூன்று மடங்காகிவிட்டது. மாங்காய்க் கடையில் தராசில் எடுத்து வைப்பதற்கு முன்னாலேயே நாம் பூச்சியம் காட்டுகிறதா என்று பார்க்கிறோம் அல்லவா, அந்தப் பார்வையைப் படத்துக்கும் கொடுக்க வேண்டும்.

அதே மாங்காயை வைத்து இன்னொரு தந்திரம். விளைச்சல் இரண்டு மடங்கானது என்று காட்டப் படம் போடுகிறவர், ஒரு மாங்காயை இரண்டு மடங்கு உயரமாக்குவார். உயரம் கூடினால் அகலமும் கூடும், இல்லாவிட்டால் மாங்காய் புடலங்காய் மாதிரி ஆகிவிடும். உயரம் இரண்டு, அகலம் இரண்டு. தாளில் அது அடைக்கும் இடம் நான்கு மடங்கு. நிழல் போட்டு உருண்டையாக வரைந்திருந்தால் மனது அதை எட்டு மடங்கு மாங்காயாகவே எடுத்துக்கொள்ளும். ஒரே அளவில் இரண்டு மாங்காய் வரைந்திருந்தால் போதும்.

பூச்சிய விதிக்கும் எல்லை உண்டு. சேலத்தில் 40 டிகிரி, ஏற்காட்டில் 30 என்று ஒரு கோடை நாளை வைத்துக்கொள்வோம். பட்டை போட்டால் சேலம் மூன்றில் ஒரு பங்கு கூடுதல் சூடு என்று தெரியும். பாரன்ஹீட்டில் அதே நாள் 104, 86. இப்போது ஐந்தில் ஒரு பங்கு. வெயில் மாறவில்லை, மடங்கு மட்டும் மாறுகிறது. செல்சியஸின் பூச்சியம் நீர் உறையும் இடமே தவிர ‘சூடே இல்லை’ என்ற இடம் இல்லை. எனவே வெப்பநிலையில் மடங்கு பேசக் கூடாது. 20 கொண்டை ஊசி வளைவு ஏறினால் பத்து டிகிரி குறைகிறது என்று வித்தியாசத்தைப் பேசலாம். அதற்குக் கோட்டு வரைபடம் நல்லது. அங்கே பூச்சியம் இல்லாவிட்டாலும் குற்றமில்லை.

முதல் பட்டை வரைபடத்தை வெளியிட்டவர் வில்லியம் பிளேஃபேர் என்ற ஸ்காட்லாந்துக்காரர், 1786-இல். மற்ற நாடுகளுக்குப் பல ஆண்டுக் கணக்கு இருந்ததால் கோடு வரைந்தவர், ஸ்காட்லாந்துக்கு ஒரே ஓர் ஆண்டின் கணக்குதான் கிடைத்தது என்பதால் அது வணிகம் செய்த 17 இடங்களுக்கும் பக்கத்தில் பக்கத்தில் பட்டை போட்டார். ஒரே ஆண்டு, ஒரே நாட்டின் வணிகம், ஒரே பண அலகு. ஒப்புக்கு வேண்டியது எல்லாம் அதில் இருந்தது.

சொற்களை எங்கே எது என்று சொல்லிவிடுகிறேன். ஒப்பிடும் செயலுக்கு ஒப்பீடு. இரண்டு பொருள் ஒத்திருக்கும் தன்மைக்கு ஒப்புமை. அச்சுப்படியை மூலத்தோடு வைத்துத் திருத்துவது ஒப்புநோக்கல். இன்போகிராபிக்குக்கு வரைபடம் என்று எழுதினால் ஊர்ப்படத்தோடு குழம்பும். விளக்கப்படம் என்பதே எனக்குச் சரியாகப் படுகிறது. பாடநூலில் வட்ட விளக்கப்படம் என்று ஏற்கெனவே பழகிய சொல்தான். சார்ட் என்பதற்கு லத்தீனில் தாள் என்றுதான் பொருள். கடையில் சார்ட் பேப்பர் கேட்கிற ஒவ்வொரு பிள்ளையும் தாளை இரண்டு தரம் கேட்கிறது.

அக்கா மகள் புதுத் தாள் வாங்கி வந்து மறுபடி வரைந்தாள். 1991-க்கு 25,73,667. 2001-க்கு 30,16,346. 2011-க்கு 34,82,056. அடியில், ‘நாமக்கல் பிரிந்த பின் உள்ள எல்லைக்குள்’ என்று கொட்டை எழுத்தில் எழுதினாள். இடது பக்கம் இடம் மிச்சமிருந்தது.

“1961 போடலாமா சித்தி?”

“போடலாம் கண்ணு. ஆனா அப்ப தருமபுரியும் சேலத்துலதான் இருந்துச்சு. 1965-லதான் பிரிச்சாங்க. ஓசூர் வரைக்கும் நம்ம மாவட்டம்.”

பென்சிலைக் கீழே வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் யோசித்தாள். அப்புறம் நோட்டின் கடைசிப் பக்கத்தைத் திருப்பி, இன்றைய சேலத்துக்குள் எந்தெந்தத் தாலுகா வருகிறது என்று ஒவ்வொன்றாக எழுதத் தொடங்கினாள்.