லெம்பே போகும் முன் காதைக் காட்டிவிட்டுப் போங்கள்

கிருஷ்ணகிரியில் காது மூக்கு தொண்டை மருத்துவராக இருக்கிறேன். போன வருடம் ஒரு இளைஞர் வந்தார். மாந்தோப்புகளில் எறும்பு, சிலந்தி என்று சின்ன உயிர்களை மிக அருகில் பெரிதாகக் காட்டும் மேக்ரோ படம் எடுப்பவர். காற்று சிலிண்டரோடு மூழ்கும் ஸ்கூபா கற்றுக்கொண்டு கடலுக்கடியிலும் எடுக்க ஆசை. இந்தோனேசியாவில், வடக்கு சுலவேசியின் லெம்பே நீரிணைக்கு டிக்கெட் போட்டாயிற்று. கறுப்பு எரிமலை மணலில் தவளைமீன், வேறு உயிரினம் போல நடிக்கும் மிமிக் ஆக்டோபஸ், விசிறிப் பவளத்தில் 2 செ.மீ. கடற்குதிரை என்று கண் மின்னச் சொன்னார். கிளம்பப் பத்தே நாள். "லேசா சளி டாக்டர், ஒரு மாத்திரை கொடுங்க."

பார்த்தால் வலது காது ஜவ்வில் பழைய ஓட்டை. சின்ன வயதில் அந்தக் காதில் அடிக்கடி சீழ் வந்திருக்கிறது. அதோடே கிணற்றில் குதித்து நீந்தி வளர்ந்தவர். நம் பக்கத்தில் இப்படிப் பலர் உண்டு. வலி இல்லை, கொஞ்சம் மந்தமாகக் கேட்கிறது, அவ்வளவுதானே என்று விட்டுவிடுகிறார்கள். ஆனால் ஆழத்தில் அந்த ஓட்டை வழியாகக் குளிர்ந்த நீர் நடுக்காதுக்குள் போனால் தலை சுற்றும், வாந்தி வரும், மேலே எது கீழே எது என்றே தெரியாது. பயணத்தைத் தள்ளிப் போடச் சொன்னேன். அவர் முகம் வாடியது எனக்கும் கஷ்டமாகத்தான் இருந்தது. அறுவை சிகிச்சையில் ஜவ்வை அடைத்து, முழுதாக ஆறிய பிறகு இந்த வருடம் போய் வந்தார்.

ஜவ்வு நன்றாக இருப்பவர்களும் சளியோடு இறங்கக் கூடாது. 10 மீட்டர் ஆழத்தில் அழுத்தம் இரண்டு மடங்கு. நடுக்காதில் உள்ள காற்று பாதியாகச் சுருங்கும். மூக்கைப் பிடித்து, வாயை மூடி, மெல்ல ஊதி அதைச் சமன் செய்ய வேண்டும். சளி இருந்தால் மூக்கின் பின்புறத்திலிருந்து நடுக்காதுக்குப் போகும் குழாய் அடைத்துக்கொள்ளும், ஊதினாலும் காற்று போகாது. மூக்கடைப்பு மாத்திரை போட்டுக்கொண்டு இறங்கினால், அதன் வேகம் கீழே இருக்கும்போதே தீர்ந்துவிடலாம். அப்புறம் ஏறும்போது விரியும் காற்றுக்கு வெளியேற வழி இருக்காது.

படம் எடுப்பவர்களுக்கு இன்னொரு சிக்கல். இரண்டு ஃபிளாஷ் பூட்டிய கேமராவை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டால் மூக்கைப் பிடிக்கக் கை ஏது? அடி மணலைத் தொடும்வரை கேமராவை வழிகாட்டியிடம் கொடுத்துவிடுங்கள். தலை மேலே, கால் கீழே என்று இறங்குங்கள். தலைகீழாகப் போனால் காது திறப்பது கடினம். வலிக்கும்வரை காத்திருக்காமல் அரை மீட்டருக்கு ஒரு முறை ஊதுங்கள். அடைத்தால் ஒரு மீட்டர் மேலே வந்து மறுபடி முயலுங்கள். வேகமாக ஊதவே ஊதாதீர்கள், காதின் உள்பகுதியே கிழியலாம். தினமும் மூன்று நான்கு முறை இறங்குபவர்கள், ஏறியதும் நல்ல தண்ணீரில் காதைக் கழுவித் துடைத்தால் போதும், பட்ஸ் வேண்டாம்.

சரி, திரும்பும் நாள். பல நாள் தொடர்ந்து டைவ் செய்தால், விமானம் ஏற 18 மணி நேரமாவது இடைவெளி வேண்டும். ஒரு முழு நாள் விடுவது நல்லது. உடம்பில் கரைந்த நைட்ரஜன் குறைந்த அழுத்தத்தில் குமிழியாகும். புதுச்சேரியில் பயிற்சிக்குப் போகிறவர்கள் கார்தானே என்று இதை மறந்துவிடுகிறார்கள். ஓசூர் கடல் மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரம். 600 மீட்டரைத் தாண்டினாலே இந்த எச்சரிக்கை பொருந்தும். அங்கே வீடு இருப்பவர்கள் இரவு புதுச்சேரியிலேயே தங்கி, மறுநாள் கிளம்புங்கள்.