புரூசின்: வேறொரு செடியின் பெயர்

புரூசின் என்ற கசப்பு நஞ்சின் பெயரைக் கேட்டதும் புரூஸ் என்று யாரோ கண்டுபிடித்திருப்பார் என்றுதான் தோன்றும், ஆனால் கதையே வேறு. ஜேம்ஸ் புரூஸ் 18ஆம் நூற்றாண்டில் நைல் நதியின் மூலத்தைத் தேடி அபிசீனியா (இன்றைய எத்தியோப்பியா) போன ஸ்காட்லாந்துக்காரர். அவர் நினைவாக ஒரு செடிப் பேரினத்துக்குப் புரூசியா என்று பெயர் வைத்தார்கள். 1819இல் பெல்தியே, கவாந்தூ என்ற இரண்டு பிரெஞ்சு வேதியியலாளர்கள் ஒரு மரப்பட்டையிலிருந்து கடுங்கசப்பான பொருளைப் பிரித்து, பட்டை புரூசியாவுடையது என்று நம்பி, புரூசின் என்றார்கள். அப்புறம் பார்த்தால் அது எட்டி மரத்துப் பட்டை! பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது.

இது ஓர் ஆல்கலாய்டு, அதாவது செடிகளில் உண்டாகும் நைட்ரஜன் கொண்ட சேர்மம். தமிழில் காரப்போலி என்பார்கள், பொருத்தமான சொல். காரத்தைப் போலவே அமிலத்தோடு சேர்ந்து உப்பாகும் என்பதுதான் விஷயம், புரூசினுக்கு ஆய்வகத்தில் இடம் கிடைத்ததும் அதனால்தான்.

பல கரிமச் சேர்மங்கள் இடது செருப்பு, வலது செருப்பு போல இரு வடிவங்களில் வரும். உருகுநிலை, கரைதிறன் எல்லாம் ஒன்றாகவே இருப்பதால் சாதாரண வழியில் பிரிக்க முடியாது. புரூசினோ ஒரே கைப் பக்கத்து மூலக்கூறு. இரண்டும் கலந்த அமிலத்தோடு அதைச் சேர்த்தால், இரண்டு உப்புகள் உண்டாகும், அவற்றின் கரைதிறன் வேறு வேறு. சூடான கரைசலை மெதுவாக ஆறவிடும்போது ஒரு உப்பு படிகமாகக் குடுவையின் அடியில் இறங்கும், மற்றது பெரும்பாலும் கரைசலிலேயே தங்கிவிடும். வடிகட்டி, காரம் ஊற்றினால் புரூசின் பிரிந்து வந்துவிடும், மறுபடியும் பயன்படுத்தலாம். ஜெர்மன் வேதியியலாளர் எமில் ஃபிஷர் 1899இல் அமினோ அமிலங்களைப் பிரித்தது இந்த வழியில்தான். இன்னொன்று: நைட்ரிக் அமிலம் ஒரு துளி பட்டால் புரூசின் இரத்தச் சிவப்பாகிவிடும், நைட்ரேட்டைக் கண்டறிய அது உதவியது. கடும் நஞ்சு என்பதால் கையுறை இல்லாமல் தொடவே கூடாது.

சரி, தமிழில் எப்படிச் சொல்வது? எட்டிக்காரம் எனலாம்தான், ஆனால் அதே மரத்தில் ஸ்ட்ரிக்னின் என்ற இன்னொரு நச்சு ஆல்கலாய்டும் இருக்கிறதே. ஸ்ட்ரிக்னின் மூலக்கூறில் மீத்தாக்சி (ஆக்சிஜனும் கார்பனும் ஹைட்ரஜனும் சேர்ந்த சிறு அணுக்கூட்டம்) தொகுதிகள் இரண்டைக் கூட்டினால் புரூசின், அவ்வளவு நெருங்கிய உறவு. நல்லவேளை, நம்மிடம் அந்த மரத்துக்கே இரண்டு பெயர், எட்டி, காஞ்சிரம். ஸ்ட்ரிக்னினை எட்டியம் என்றும் புரூசினைக் காஞ்சிரியம் என்றும் சொல்லலாம் என்பது என் பரிந்துரை. அப்போதாவது அந்தப் பெயர் சரியான மரத்துக்குத் திரும்பும்.