அடையாள அட்டை நகல் எந்த ஃபோல்டரில் கிடக்கிறது?

மலேசியாவின் பேராக் மாநிலத்தில், சுங்கை சிப்புட் வட்டாரத்தில் சிறிய அமைப்புகளுக்கு இணையப் பதிவு முறை செய்து கொடுப்பதும், மற்றவர்கள் செய்ததைச் சரிபார்ப்பதும் என் தொழில். செம்பனைக் குலை வாங்கும் நிலையம், கூட்டுறவுக் கடை, கோயில் நிர்வாகம், தமிழ்ப்பள்ளி முன்னாள் மாணவர் சங்கம் என்று எல்லா இடத்திலும் நோட்டுப் புத்தகம் போய், சர்வரில் ஜாவாஸ்கிரிப்ட் நிரலை ஓட்டும் நோட் ஜேஎஸ்ஸும், அதன்மேல் தளம் கட்ட உதவும் எக்ஸ்பிரஸ்ஸும் வந்துவிட்டன. எழுதுகிறவர்கள் பெரும்பாலும் தோட்டத்தில் பிறந்து வளர்ந்த நம் பிள்ளைகள். நிரல் நன்றாகவே எழுதுகிறார்கள். கோட்டை விடுவது சர்வரில் ஏற்றும் அந்தக் கடைசிக் கட்டத்தில்தான்.

ஓர் அமைப்பின் கல்வி உதவி நிதித் தளத்தைப் பார்த்துச் சொல்லும்படி கேட்டார்கள். மாணவரின் அடையாள அட்டை, பெற்றோரின் சம்பளச் சீட்டு, இபிஎஃப் (ஊழியர் சேமநிதி) அறிக்கை எல்லாவற்றையும் போனில் படம் பிடித்து ஏற்ற வேண்டும். லாகின் இருந்தது. கடவுச்சொற்கள் முறைப்படி ஹாஷ் செய்யப்பட்டிருந்தன, அதாவது திரும்பப் படிக்க முடியாதபடி மாற்றப்பட்டிருந்தன. ஆனால் ஏற்றிய படங்கள் போய் விழுந்த அப்லோட்ஸ் ஃபோல்டர், எல்லோருக்கும் திறந்திருக்கும் பப்ளிக் ஃபோல்டருக்குள்ளேயே இருந்தது. எக்ஸ்பிரஸ் கோப்பில், ஃபோல்டரில் இருக்கும் கோப்பை அப்படியே எடுத்துக் கொடுக்கும் ஸ்டேட்டிக் மிடில்வேர் மேலே. லாகின் சோதனை அதற்குக் கீழே. ஒவ்வொரு படத்துக்கும் பெயர், அந்த மாணவரின் அடையாள அட்டை எண். முகவரியைத் தட்டினேன், லாகின் கேட்காமலேயே படம் வந்தது.

இது எவ்வளவு பெரிய ஓட்டை என்பதை நம் அடையாள அட்டை எண்ணை வைத்தே கணக்குப் போடலாம். மொத்தம் 12 இலக்கம். முதல் ஆறு பிறந்த தேதி. அடுத்த இரண்டு பிறந்த இடம். பேராக்கில் பிறந்தவருக்குப் பெரும்பாலும் 08. மிச்சம் நான்கே இலக்கம், அதாவது 10,000 வாய்ப்புகள். கடைசி இலக்கம் ஆணுக்கு ஒற்றைப்படை, பெண்ணுக்கு இரட்டைப்படை என்பதால் அதுவும் பாதியாகி 5,000 ஆகிவிடும். பிறந்தநாள் ஃபேஸ்புக்கில் இருக்கிறது. ஒரு சாதாரண லேப்டாப் இந்த 5,000 முகவரிகளையும் சில நிமிடங்களில் தட்டிப் பார்த்துவிடும். ஒரு தோட்டத் தொழிலாளியின் அடையாள அட்டை நகலும் சம்பளச் சீட்டும் சேர்ந்து தவறான கையில் சிக்கினால், அவர் பெயரில் என்னென்ன கடன் எழும் என்று யோசித்துப் பாருங்கள்.

மிடில்வேர் என்றால் வரும் ஒவ்வொரு கோரிக்கையும் வரிசையாகக் கடந்து போகும் சோதனைகள். எந்த வரிசையில் எழுதினீர்களோ அதே வரிசையில்தான் எக்ஸ்பிரஸ் ஓட்டும். செம்பனை ஆலைக்கு வரும் லாரியை நினைத்துக்கொள்ளுங்கள்: முதலில் எடை மேடை, அப்புறம் தரம் பார்ப்பது, அப்புறம் இறக்குவது, மறுபடியும் எடை. எடை போடாமல் இறக்கிவிட்டால் அன்றைய கணக்குக்கு எந்த மதிப்பும் இல்லை. ஸ்டேட்டிக் மிடில்வேர் கேட்ட கோப்பைக் கண்டுபிடித்துவிட்டால் அங்கேயே பதில் கொடுத்து முடித்துவிடும். அதற்குக் கீழே நீங்கள் எவ்வளவு அருமையாக லாகின் சோதனை எழுதியிருந்தாலும் அது ஓடவே ஓடாது.

வரிசையை மாற்றிவிட்டால் போதுமா? போதாது. எக்ஸ்பிரஸ்ஸுக்கு முன்னால் நின்று கோரிக்கைகளை முதலில் வாங்கும் என்ஜின்எக்ஸ் என்ற வெப் சர்வரையும் பார்க்க வேண்டும். படம், ஸ்டைல் கோப்பு, ஸ்கிரிப்ட் என்று கோப்பு வகையைப் பார்த்து நேராக வட்டிலிருந்தே எடுத்துக் கொடுக்கும் ஒரு 'லொக்கேஷன்' அமைப்புத் துண்டைப் பலரும் எங்கிருந்தோ எடுத்து ஒட்டிவிடுகிறார்கள். வேகத்துக்கு நல்லதுதான். ஆனால் அடையாள அட்டைப் படமும் ஜேபெக் கோப்புதானே! பப்ளிக் ஃபோல்டரில் அது இருந்தால் என்ஜின்எக்ஸ் அதையும் எடுத்துக் கொடுத்துவிடும். கோரிக்கை எக்ஸ்பிரஸ் வரைக்கும் வரவே வராது.

அதனால் நான் செய்வது இதுதான். ஏற்றும் கோப்புகள் பப்ளிக் ஃபோல்டருக்கு வெளியே, வேறொரு இடத்தில் விழ வேண்டும். பெயர் தற்செயலாக உருவாக்கிய நீண்ட எழுத்துக்கோவை. யாருடைய கோப்பு என்பது தரவுத்தளத்தில் மட்டும். என்ஜின்எக்ஸ்ஸில் அந்த இடத்துக்கு 'இன்டர்னல்' என்று குறித்த ஒரு லொக்கேஷன் வைப்பேன். வெளியாள் நேரடியாகக் கேட்டால் 404, அதாவது 'அப்படி ஒன்று இல்லை' என்ற பதில்தான். எக்ஸ்பிரஸ் முதலில் லாகினையும், இந்தக் கோப்பைப் பார்க்க இவருக்கு உரிமை உண்டா என்பதையும் சோதிக்கும். சரி என்றால் 'எக்ஸ்-ஆக்செல்-ரீடைரக்ட்' என்ற ஹெடரில் (பதிலோடு சேர்ந்து போகும் குறிப்பில்) பாதையைச் சொல்லும். அதைப் பார்த்து என்ஜின்எக்ஸ் கோப்பை அனுப்பும். வேகமும் குறையாது, கதவும் திறந்து கிடக்காது.

இன்னொரு பழக்கம், கோப்புகளை எங்கிருந்து எடுப்பது என்று சொல்லும் என்ஜின்எக்ஸ்ஸின் ரூட் வரியில் பப்ளிக் ஃபோல்டரைக் காட்டாமல் முழு புராஜெக்ட் ஃபோல்டரையும் காட்டிவிடுவது. புள்ளியில் தொடங்கும் கோப்புகளை என்ஜின்எக்ஸ் தானாக மறைக்காது. தரவுத்தளக் கடவுச்சொல் இருக்கும் டாட் என்வ் (.env) கோப்பு அப்படியே வெளியே வரும். எக்ஸ்பிரஸ் 4-இன் ஸ்டேட்டிக் மிடில்வேர் டாட் என்வைக் கொடுக்காது, ஆனால் நிரலின் மாற்ற வரலாறு இருக்கும் டாட் கிட் (.git) ஃபோல்டருக்குள் இருக்கும் சாதாரணப் பெயருள்ள கோப்புகளைக் கொடுத்துவிடும். 2024-இல் வந்த எக்ஸ்பிரஸ் 5-இல்தான் அந்த வழி அடைபட்டது. டாட் கிட் கிடைத்துவிட்டால், நீங்கள் என்றோ அழித்த கடவுச்சொல்லையும் பழைய வரலாற்றிலிருந்து தோண்டி எடுக்கலாம்.

முன்னால் நிற்கும் சர்வர் (ப்ராக்ஸி) சொல்வதை எக்ஸ்பிரஸ் எவ்வளவு நம்பலாம் என்று குறிக்கும் 'ட்ரஸ்ட் ப்ராக்ஸி' அமைப்பு பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நான் பார்க்கும் தளங்களில் பாதிக் குழப்பம் இதிலிருந்துதான் வருகிறது. என்ஜின்எக்ஸ் முன்னால் நின்றால், பின்னால் இருக்கும் எக்ஸ்பிரஸ்ஸுக்கு எல்லோரும் அதே சர்வரைக் குறிக்கும் 127.0.0.1 ஆகத்தான் தெரிவார்கள். விண்ணப்பம் முடியும் கடைசி இரவு ஊரே உள்ளே வரும்போது, கோரிக்கை எண்ணிக்கையைக் கட்டுப்படுத்தும் மிடில்வேர் அத்தனை பேரையும் ஒரே ஆள் என்று எண்ணி மொத்தமாகப் பூட்டிவிடும். உடனே யாரோ சொன்னார்கள் என்று ட்ரஸ்ட் ப்ராக்ஸியை 'ட்ரூ' என்று வைத்துவிடுவார்கள். பூட்டு திறந்துவிடும், கூடவே இன்னொன்றும் திறக்கும். இப்போது வருகிறவர் தன் முகவரி என்று ஹெடரில் எதை எழுதி அனுப்பினாலும் எக்ஸ்பிரஸ் நம்பிவிடும். ஒவ்வொரு முறையும் புதுப் பொய் முகவரி போட்டால் கட்டுப்பாடே கிடையாது. முன்னால் ஒரே ஒரு என்ஜின்எக்ஸ் இருந்தால் சரியான மதிப்பு 1. அதற்கு முன்னால் கிளவுட்ஃபிளேர் என்ற இடைநிலைச் சேவையும் இருந்தால் 2. எத்தனை ப்ராக்ஸி நிற்கிறது என்று எண்ணிப் பார்த்து எழுதுங்கள்.

லாகின் செய்தாலும் நிற்கவில்லை என்று எச்டிடிபிஎஸ் இணைப்பில் மட்டும் செல்லும் செக்யூர் குக்கியை அணைத்துவிடும் வழக்கமும் இதோடு சேர்ந்ததே. இணைப்பு எச்டிடிபிஎஸ்தான் என்பதை என்ஜின்எக்ஸ் ஹெடரில் சொல்லி, எக்ஸ்பிரஸ் அதை நம்பும்படி அமைத்தால் குக்கி தானாக வேலை செய்யும். அணைக்க வேண்டிய அவசியமே இல்லை.

எக்ஸ்பிரஸ் ஓடும் போர்ட் 3000-ஐயும் மறக்காதீர்கள். லிஸன் வரியில் போர்ட் எண்ணை மட்டும் எழுதினால் அது எல்லா முகவரியிலும் காது கொடுக்கும். சர்வரின் ஐபி தெரிந்தவர் என்ஜின்எக்ஸ்ஸைச் சுற்றிக்கொண்டு நேராகப் பின்வாசலில் வந்து நிற்பார். 127.0.0.1 என்று சேர்த்து எழுதினால் போதும்.

மற்றவை சின்ன வேலைகள். படம் ஏற்றும்போது 413 (கோப்பு மிகப் பெரியது) பிழை வந்தால் என்ஜின்எக்ஸ்ஸின் இயல்பு வரம்பு 1 எம்பி என்பதுதான் காரணம்; அதை 10 ஆக்குங்கள், வரம்பே இல்லாமல் விடாதீர்கள். நோட் என்வ் (NODE_ENV) மதிப்பை 'புரொடக்‌ஷன்' என்று வைக்காவிட்டால் பிழை வரும்போது சர்வரின் கோப்புப் பாதைகளெல்லாம் திரையில் கொட்டும். யார் லாகின் செய்திருக்கிறார் என்ற பதிவை (செஷனை) இயல்பான மெமரி ஸ்டோரிலேயே விட்டால், மறுதொடக்கம் செய்ததும் எல்லோரும் வெளியே தள்ளப்படுவார்கள்.

அமைப்புப் பொறுப்பாளர்களுக்கும் ஒரு வார்த்தை. தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2010-இன் திருத்தத்தின்படி, 1 ஜூன் 2025 முதல் பெரும் தீங்கு விளைவிக்கக்கூடிய தரவுக் கசிவு ஏற்பட்டால் 72 மணி நேரத்துக்குள் ஆணையருக்குத் தெரிவிக்க வேண்டும். அந்தச் சட்டம் வணிகப் பரிவர்த்தனைகளுக்கானது, எங்கள் சங்கத்துக்குப் பொருந்தாது என்று சிலர் வாதாடுகிறார்கள். அந்த வாதம் இருக்கட்டும். பிள்ளையின் நகலை நம்பிக் கொடுத்த தாய்க்கு நீங்கள் என்ன பதில் சொல்வீர்கள்? அது அந்தச் சட்டத்துக்கு முன்பே இருக்கும் கடமை. உதவி நிதி கொடுத்து முடிந்த ஆண்டுகளின் நகல்களை இன்னும் ஏன் வைத்திருக்கிறீர்கள் என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள். தேவை முடிந்திருந்தால் அழித்துவிடச் சொல்லுங்கள்.

சோதிப்பது சுலபம். உங்கள் சொந்தத் தளத்தில், வைஃபையை அணைத்து, மொபைல் டேட்டாவில், லாகின் செய்யாத பிரவுசரில் செய்யுங்கள். நீங்களே ஏற்றிய ஒரு படத்தின் முகவரியைத் தட்டுங்கள். தள முகவரிக்குப் பின்னால் டாட் என்வ் சேர்த்துத் தட்டுங்கள். டாட் கிட் ஃபோல்டரின் கான்ஃபிக் கோப்பைக் கேளுங்கள். ஐபியோடு 3000 சேர்த்துப் பாருங்கள். ஒற்றைப் பக்க ஆப் என்றால் இல்லாத கோப்புக்கும் 200 (சரி) என்று முகப்புப் பக்கம் வரலாம். எண்ணைப் பார்த்துப் பயப்படாமல் உள்ளே என்ன வருகிறது என்று பாருங்கள். கடவுச்சொல்லோ படமோ வந்தால், முதல் வேலையாகத் தளத்தை நிறுத்திவிட்டு, சர்வரின் அக்சஸ் லாக்கை வேறிடத்தில் நகலெடுத்து வையுங்கள். இதற்கு முன் அந்த முகவரியை யார் யார் தட்டியிருக்கிறார்கள் என்பது அதில்தான் இருக்கும். வெளியே தெரிந்த கடவுச்சொற்கள் அத்தனையையும் மாற்றிய பிறகே தளத்தைத் திரும்பத் திறக்க வேண்டும்.