இருட்டில் ஃபிளாஷ்தான் ஷட்டர்

இரவில் தோட்டத்துப் பூச்சிகளை நெருங்கிப் படமெடுக்க ட்ரைபாட் கட்டாயம் என்று நினைப்பவர்கள் அதிகம். செடியே ஆடிக்கொண்டிருக்கும்போது கேமராவை மட்டும் அசையாமல் நிறுத்தி என்ன பயன்?

ஐஎஸ்ஓ (சென்சாரின் ஒளி உணர்திறன்) 200, லென்ஸ் துளை எஃப்/11 (எண் கூடினால் துளை சிறுக்கும்), ஷட்டர் 1/200 நொடி என்று வைத்து, ஃபிளாஷ் இல்லாமல் ஒரு படம் எடுத்துப் பாருங்கள். கறுப்பாகத்தான் வரும். ஷட்டர் திறந்திருந்தும் சென்சாரில் பதிய ஒளி இல்லை. ஆக, ஃபிளாஷ் எரியும் கணம் மட்டுமே படமாகிறது. சக்தியைக் குறைத்தால் ஃபிளாஷ் மங்கலாக எரியும் என்று தோன்றும். அப்படியல்ல, அது சீக்கிரம் அணைந்துவிடுகிறது. முழு சக்தியில் 1/1000 நொடி அளவுக்கு எரியும் ஃபிளாஷ், 1/16 சக்தியில் ஏறக்குறைய 1/10,000 நொடியில் முடிந்துவிடும். கை நடுக்கமோ இலையின் ஆட்டமோ தெரிய அந்த நேரம் போதாது. எனவே முழு சக்தியில் தூரத்திலிருந்து அடிப்பதைவிட, 1/8 அல்லது 1/16-இல் வைத்துப் பூச்சிக்கு அருகே கொண்டுவருவதே சரி. ஷட்டரை 1/250-க்கு மேல் ஏற்றினால் பெரும்பாலான கேமராக்களில் படத்தின் ஒரு பட்டை இருண்டுவிடும்.

நடுக்கம் போனாலும் கூர்மை வந்துவிடாது. 1:1 உருப்பெருக்கத்தில், அதாவது பூச்சி சென்சாரில் அதன் நிஜ அளவிலேயே விழும்போது, 36 மி.மீ. அகலச் சென்சாரில், எஃப்/11-இல் கூர்மையாக விழும் ஆழம் சுமார் 1.3 மி.மீ. மட்டுமே. இரு மடங்கான 2:1-க்குப் போனால் அரை மி.மீ. சிலந்தியின் கண்ணில் ஃபோகஸ் இருந்தால் வயிறு கலங்கிவிடும். எஃப்/22-க்குக் குறுக்கலாமே என்றால், 1:1-இல் அது எஃப்/44 போல நடந்துகொள்ளும். அவ்வளவு சிறிய துளையில் ஒளி விளிம்பில் வளைந்து பரவி, படம் முழுவதுமே மழுங்கும். எஃப்/11-இலேயே நின்று, பூச்சியின் உடல் சென்சாருக்கு இணையாக வரும் கோணத்தைத் தேடுவது மேல்.

ஆட்டோஃபோகஸ் இங்கே தடுமாறும். ஃபோகஸ் வளையத்தை வேண்டிய உருப்பெருக்கத்தில் நிறுத்திவிட்டு, உடம்பை மட்டும் மெல்ல முன்னே பின்னே சாய்த்து, கண் பளிச்சென்று தெரியும் கணத்தில் அழுத்த வேண்டும். பத்துக்கு ஏழு வீணாகும், கவலை வேண்டாம். பார்ப்பதற்கு லென்ஸ் ஓரத்தில் ஒரு மங்கலான டார்ச் போதும். அது படத்தில் பதியாது. பிரகாசமான டார்ச் என்றால் கொசுவும் விட்டிலும் லென்ஸ் முன்னால் கூடிவிடும்.

படம் பெரும்பாலும் கெடுவது டிஃப்யூசரில்தான், அதாவது ஃபிளாஷ் ஒளியைப் பரப்பி மென்மையாக்கும் மறைப்பில். பொறிவண்டின் முதுகு ஒரு குவிந்த கண்ணாடி மாதிரி. விளக்கின் வடிவத்தை அப்படியே காட்டிக்கொடுக்கும். வெறும் ஃபிளாஷ் என்றால் வெள்ளைப் புள்ளியாய் எரிந்துபோன ஓட்டை. பூச்சியின் இடத்திலிருந்து பார்த்தால் ஒளி எவ்வளவு அகலமாகத் தெரிகிறது என்பதே கணக்கு. ஒரு மீட்டர் தள்ளி நிற்கும் பெரிய குடையைவிட, 5 செ.மீ. அருகே வளைத்து நிறுத்திய உள்ளங்கை அகலத் தாள் மென்மையான ஒளி தரும். பொருள்களைச் சுற்றி வரும் மெல்லிய வெள்ளை ஃபோம் தாளே போதும். இரண்டு அடுக்காக, நடுவில் சற்று இடைவெளி விட்டுப் பொருத்தினால் நடுப்பகுதியின் பளிச்சும் அடங்கும்.

பின்னணி கருமையாக வருவதற்கு இருட்டு மட்டும் காரணமில்லை. ஃபிளாஷிலிருந்து பூச்சி 10 செ.மீ., பின்னாலுள்ள புதர் ஒரு மீட்டர் என்றால், புதருக்குக் கிடைப்பது நூற்றில் ஒரு பங்கு ஒளி. பச்சை வேண்டுமென்றால் பூச்சிக்குச் சில செ.மீ. பின்னால் ஓர் இலையைப் பிடித்தாலே போதும்.

படமெடுக்கப் பூச்சி, சிலந்திகளைக் கண்டுபிடிக்க டார்ச்சை நெற்றியோடு ஒட்டிப் பிடியுங்கள். ஓநாய்ச் சிலந்தியின் கண்ணுக்குள் பிரதிபலிக்கும் படலம் உண்டு. வந்த திசையிலேயே ஒளியைத் திருப்பி அனுப்புவதால், கையைத் தாழ்த்திப் பிடித்தால் புல்லில் மின்னும் அந்தப் பச்சைப் புள்ளி தெரியாது. பகலில் பச்சையாக இருந்த கும்பிடுபூச்சியின் கண் இரவில் கறுத்திருப்பதைப் பார்த்து வேறு இனம் என்று நினைக்க வேண்டாம். அதிக ஒளி உள்ளே போவதற்காகக் கண்ணின் நிறமி இடம் மாறியிருக்கிறது, அவ்வளவுதான். கூடு இல்லாத தனித் தேனீக்கள் சில, காய்ந்த தண்டைத் தாடையால் கடித்தபடி, கால்கள் அந்தரத்தில் தொங்கத் தூங்கும். உருப்பெருக்கத்தை ஏற்றிப் பழக அவைதான் ஏற்றவை. தண்டை மட்டும் தொட்டுவிடாதீர்கள்.