ஸ்பானிய இரட்டைக்குழல் என்றால் மட்டமா?

போன வாரம் ஒரு தம்பி பட்டறைக்கு வந்தார். களிமண் தட்டு சுடும் கிளப்பில் சேர்ந்து ஒரு வருடம்தான் ஆகிறதாம், ஏலத்தில் ஒரு பழைய இரட்டைக்குழல் துப்பாக்கி எடுத்திருக்கிறார். உறையைத் திறப்பதற்கு முன்பே, "அண்ணா, ஸ்பெயின் சாமான்தான், இங்கிலீஷ் துப்பாக்கி வாங்குமளவுக்குக் காசில்லை" என்று குரலைத் தாழ்த்திக்கொண்டார். இங்கிலாந்தில் துப்பாக்கி பழுதுபார்ப்பதையே தொழிலாக வைத்திருக்கும் எனக்கு அந்தத் தாழ்ந்த குரல் பழக்கமானதுதான், ஆனால் ஒவ்வொரு முறை கேட்கும்போதும் மனது சங்கடப்படுகிறது.

குழல்களைக் கழற்றினேன். அடியில் இருக்கும் கொக்கியில் ஒரு விரலைக் கொடுத்துத் தொங்கவிட்டு, விரல் முட்டியால் மெல்லத் தட்டினேன். கணீரென்று நீண்டு ஒலித்தது. இரண்டு குழலையும் சேர்த்துப் பிடிக்கும் பட்டை எங்காவது பற்று விட்டிருந்தால் இந்த ஓசை வராது, ஓட்டைப் பானையைத் தட்டியது போல் சத்தென்று கேட்கும். பக்கத் தகட்டைக் கழற்றிப் பார்த்தால் உள்ளே ஒவ்வொரு துண்டும் கையால் அரம் போட்டு மெருகேற்றியது, யாரும் பார்க்கப் போகாத இடத்தில்கூட அரத்தின் கோடு தெரியவில்லை. "தம்பி, இதை இனிமேல் சத்தமாகவே சொல்லுங்கள்" என்றேன்.

அதே பட்டறையில் சில மாதங்களுக்கு முன் வேறொரு ஸ்பானியத் துப்பாக்கியும் பார்த்தேன், அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். ஒரு விசையை இழுத்தால் இரண்டு குழலும் சேர்ந்து வெடிக்கிறது என்று கொண்டுவந்தார்கள். தோட்டாவை வெடிக்கவைக்க உள்ளே அடிக்கும் சுத்தியலை, அதாவது குதிரையை, பிடித்து நிறுத்தும் பல்லை உருப்பெருக்கியில் பார்த்தால் மழுங்கி உருண்டு போயிருக்கிறது. இரும்பு மட்டம், அதை ஒழுங்காகக் கடினப்படுத்தவும் இல்லை. இரண்டும் ஒரே ஊரில் செய்தவை. "ஸ்பானிஷ்" என்ற சொல் தரத்தைச் சொல்லவில்லை, ஊரைத்தான் சொல்கிறது என்பதை இவ்வளவு ஆண்டுகளாகியும் வாங்குகிறவர்களுக்கும் விற்கிறவர்களுக்கும் புரியவைக்க முடியவில்லை.

அந்த ஊர் எய்பார். ஸ்பெயினின் வடக்கே, பாஸ்க் நாட்டில், கிபுஸ்கோவா மாகாணத்தில், எகோ ஆறு ஓடும் ஒரு குறுகிய பள்ளத்தாக்கு. சமதளம் கிடையாது என்பதால் பட்டறைகளை மாடி மேல் மாடியாகக் கட்டினார்கள். பல நூற்றாண்டுகளாக அங்கே ஆயுதம்தான் பிழைப்பு. குழல் செய்கிறவர், லாக் (வெடிக்கவைக்கும் பொறி) செய்கிறவர், கட்டை செதுக்குகிறவர், சித்திர வேலைக்காரர் என்று ஆளுக்கொரு தொழில், அக்கம்பக்கத்து வீடுகள். ஸ்பெயினின் கால்பந்துப் போட்டியான லா லீகா பார்க்கிறவர்களுக்கு எய்பார் அணியைத் தெரிந்திருக்கும், 2014 முதல் 2021 வரை முதல் பிரிவில் ஆடினார்கள். அவர்களை 'அர்மெரோஸ்' என்று அழைப்பார்கள், துப்பாக்கி செய்கிறவர்கள் என்று பொருள்.

கெட்ட பெயர் எங்கிருந்து வந்தது? முதல் உலகப் போரில் பிரெஞ்சுப் படைக்கு 'ரூபி' கைத்துப்பாக்கி வேண்டியிருந்தது. ஆர்டர் பெரிது, ஒரு கம்பெனியால் முடியவில்லை, ஊரிலும் சுற்றுவட்டாரத்திலும் இருந்த ஏராளமான சின்னப் பட்டறைகளுக்குப் பிரித்துக் கொடுத்தார்கள். ஒரு பட்டறையின் தோட்டாப் பெட்டி இன்னொரு பட்டறையின் துப்பாக்கியில் ஏறாது என்ற நிலை. அப்புறம், இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு அமெரிக்கக் கடைகள் மலிவான இரட்டைக்குழல்களைக் கேட்டன, எய்பார் அனுப்பியது. கேட்ட விலைக்குத் தகுந்த சாமான்தான் போனது. பெரும்பாலான அமெரிக்கர்கள் கையில் எடுத்துப் பார்த்த முதல் ஸ்பானியத் துப்பாக்கி அதுதான் என்பதால் "ஸ்பானிஷ் இரும்பு மென்மை" என்ற பேச்சு ஒட்டிக்கொண்டுவிட்டது.

ஆனால் அதே காலத்தில் அதே பள்ளத்தாக்கில் வேறொரு வேலையும் நடந்துகொண்டிருந்தது. விக்டோர் சரஸ்கேட்டாவின் துப்பாக்கிகள் அரசவை வரை போயின. 1915இல் தொடங்கிய அகிர்ரே இ அரன்சாபால், நாங்கள் ஏ.ஒய்.ஏ என்று சொல்வது, இங்கிலாந்துச் சந்தைக்கென்றே துப்பாக்கி செய்தது. அவர்களுடைய 'நம்பர் 1', 'நம்பர் 2' லண்டனின் ஹாலண்ட் அண்ட் ஹாலண்ட் கம்பெனியின் சைடுலாக்கை (பொறி பக்கத் தகட்டில் இருப்பது) பின்பற்றியவை, 'நம்பர் 4' ஆன்சன்-டீலி பாக்ஸ்லாக் (பொறி உடலுக்குள்ளேயே இருப்பது). பக்கத்து எல்கோய்பாரில் அரியேட்டா, எய்பாரில் கார்பி, க்ருயா, அரிசபலாகா என்ற பட்டறைகள். இவர்கள் செய்த நல்ல சைடுலாக்கை லண்டன் துப்பாக்கிக்குப் பக்கத்தில் வைத்தால் விலையில்தான் மலைக்கும் மடுவுக்கும் வித்தியாசம். லண்டன் வேலையின் கடைசி நுணுக்கம் தனி, அதை ஒத்துக்கொள்கிறேன், ஆனால் சுடும்போது தோள் அந்த விலை வித்தியாசத்தை உணராது.

குழலை உடலோடு பொருத்தும் விதத்தைப் பார்த்தால் புரியும். எண்ணெய் விளக்கின் புகையைக் குழலின் கொக்கியில் படியவிட்டு, உடலில் சேர்த்து மூடித் திறப்பார்கள். கரி எங்கே ஒட்டியதோ அங்கே முட்டுகிறது. அங்கே மட்டும் மெல்லிய அரத்தால் ஒரு தடவை, மறுபடி புகை, மறுபடி மூடல். முழு முகத்திலும் கரி ஒரே சீராகப் படியும்வரை இதே வேலை, நாள் கணக்கில். இதற்குக் குறுக்கு வழி கிடையாது, கை பழக வருடங்கள் ஆகும்.

அந்தக் கைகள்தான் குறைந்துபோயின. ஊர் முன்பிருந்தே வேறு தொழிலுக்கு நகர்ந்துகொண்டிருந்தது: ஒர்பேயாவும் பி.எச்.சும் துப்பாக்கியிலிருந்து சைக்கிளுக்கு வந்த கம்பெனிகள், 1920இல் ஆயுதக் கூட்டுறவாகத் தொடங்கிய ஆல்ஃபா தையல் இயந்திரத்துக்கு மாறியது. 1970களுக்குப் பிறகு கூலி ஏறியது, அது நியாயமான ஏற்றம்தான், ஆனால் மலிவு என்ற ஒரே பலமும் அதோடு போனது. சுடுகிறவர்கள் இத்தாலியின் மேல்-கீழ் குழல்களுக்கு, அதாவது இரண்டு குழலும் ஒன்றன்மேல் ஒன்றாக இருக்கும் துப்பாக்கிகளுக்கு, மாறினார்கள். 1980களில் அரசின் ஆதரவோடு பல தயாரிப்பாளர்களை 'டியார்ம்' என்ற ஒரே நிறுவனமாக இணைத்தார்கள். ஆளுக்கொரு கைப்பக்குவம் உள்ளவர்களை ஒரே கூரைக்கடியில் உட்காரவைத்து இயந்திர உற்பத்தி செய்யப் பார்த்தது, என் கருத்தில், அடிப்படையிலேயே தவறு. சில ஆண்டுகளில் திவால். ஏ.ஒய்.ஏ ஒரு சின்னக் குழுவோடு மறுபடி எழுந்தது, பல பெயர்கள் எழவே இல்லை.

சரி, உங்கள் கையில் ஒன்று இருக்கிறதா? வாங்கப் போகிறீர்களா? பெயரைப் பார்ப்பதற்கு முன் குழலின் அடியில் உள்ள முத்திரைகளைப் பாருங்கள். எய்பார் சோதனைச் சாலையில் வழக்கத்தைவிட அழுத்தம் கூடிய தோட்டாவைச் சுட்டுப் பார்த்துத்தான் முத்திரை குத்துவார்கள். அதற்குப் பிறகு யாராவது குழலை உள்ளே தேய்த்து மெருகேற்றியிருந்தால் சுவர் மெலிந்திருக்கும், அதை அளக்கக் கருவி வேண்டும், கண்ணால் முடியாது. தோட்டா அறையின் நீளம் 65 மில்லிமீட்டரா 70ஆ என்று பாருங்கள். இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். 70 என்று போட்ட தோட்டா 65 அறைக்குள் சுலபமாகப் போய்விடும், ஏனென்றால் அந்த எண் சுட்டு விரிந்த பிறகான நீளம். உள்ளே போகிறதே என்று சுட்டால் விரிய இடமில்லாமல் அழுத்தம் எகிறும்.

எஃகுக் குண்டு விஷயம் இப்போது இன்னும் முக்கியம். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2023 பிப்ரவரியிலிருந்து ஈரநிலங்களில் ஈயக் குண்டு கூடாது, ஆகவே பழைய துப்பாக்கியில் எஃகுத் தோட்டா போடலாமா என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். அதிவேக எஃகுத் தோட்டா, அதற்கென்று சோதித்து லில்லிப்பூ முத்திரை குத்திய குழலில் மட்டும்தான். வாய் இறுக்கமான பழைய குழலில் சாதாரண எஃகுத் தோட்டாவைக்கூட நான் போடச் சொல்லமாட்டேன், ஈயத்துக்குப் பதிலாக வரும், எஃகைவிட மென்மையான பிஸ்மத் குண்டு வாங்குங்கள், விலை கூடத்தான். திருகாணித் தலைகள் சிதைந்திருந்தால் தெரியாதவர் கை வைத்திருக்கிறார் என்று அர்த்தம், நேரே துப்பாக்கி பழுதுபார்ப்பவரிடம் போங்கள், சுட்டுப் பார்த்துச் சோதிக்காதீர்கள்.

தம்பியின் துப்பாக்கியில் ஒரு குறை இருந்தது. பல வருடம் வாய் மேலே பார்க்க நிறுத்தி வைத்திருக்கிறார்கள், எண்ணெய் இறங்கி வால்நட் கட்டையின் தலை ஊறிப்போயிருக்கிறது. இப்போது வாயைக் கீழே வைத்து, அடியில் உறிஞ்சு தாள் போட்டு நிறுத்தியிருக்கிறேன். இடது பக்கத்து மெயின் ஸ்பிரிங்கும் (குதிரையை அடிக்கவைப்பது) சோர்ந்துவிட்டது. செய்த பட்டறை இன்று இல்லை, எழுதிக் கேட்க ஆளில்லை, பழையதை அளவு பார்த்து எஃகுத் துண்டிலிருந்து நானே அரம் போட்டு எடுக்க வேண்டும். மூன்று நாளாகும் என்று சொல்லியிருக்கிறேன்.